பல்லாவரம் குன்றில் ஓர் இரவு



தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நகரத்துக்குப் போகையில் பல்லாவரத்துக் குன்றுகளை நாம் தினமும் காண்கிறோம். 1941-ல் சகோதரர் பக்த் சிங் தம் உடன் ஊழியரோடு இரவு முழுவதும் ஜெபித்தது அங்கேதான்.

1903-ல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மாணவப் பருவத்தில் கைக்கு வந்த வேதாகமத்தின் தாள்களைக் கிழித்தெறிந்துவிட்டு, அழகாயிருந்த தோல் அட்டையை மாத்திரம் வைத்துக்கொண்டாராம்! 1926-ல் பொறியியல் கற்க இங்கிலாந்து சென்றார். பின்பு கனடாவின் வின்னிபெக்கில் வேளாண் பொறியியல் பயின்றபோது, 1929-ல், நண்பர் தந்த சிறிய புதிய ஏற்பாடு அவரை ஆட்கொண்டது. 1932-ல் வான்கூவரில் ஞானஸ்நானம் பெற்றார்.

மறு ஆண்டு பம்பாயில் வந்திறங்கியபோது பெற்றோர் காத்திருந்தனர். குடும்ப மானத்தை முன்னிட்டு விசுவாசத்தை வெளியே சொல்லாதிருக்கும்படி தகப்பனார் வேண்டினார். அது கொடூரமான வேண்டுகோள் அல்ல. ஏழாண்டு பிரிந்திருந்த மகனை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வழி தேடிய தகப்பனின் கெஞ்சுதல். மகனோ இணங்கவில்லை. பெற்றோர் அவரைத் தனியே விட்டுச் சென்றனர். பொறியாளர் பம்பாய் வீதிகளில் பிரசங்கியானார்.

பல்லாவரத்து ஜெபத்திற்குப் பின் அதே ஆண்டில் சென்னையில் 'யெகோவா ஷம்மா' சபை தொடங்கிற்று. அவர் 2000-ஆம் ஆண்டு ஐதராபாத்தில் காலமானார். அவருடைய தகப்பனாரும் பிற்காலத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார்.