ஆசாரியின் வாச்சிக்கு ஒரு பெட்டி

போன மாசம் எங்க ஊர் ஆசாரியோட மகன் ஒரு உரச்சாக்கைக் கொண்டுவந்து திண்ணையில வச்சான். உள்ளே அவங்கப்பாவோட வாச்சி. எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க வீட்டுக் கலப்பையெல்லாம் செதுக்கின வாச்சி அது. உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாம் பழைய இரும்புக்கடையில எடைக்குப் போட்டாச்சாம். "இதை மட்டும் போட மனசு வரலைங்கண்ணா, நீங்களே வச்சுக்கங்க"ன்னான்.

டவுன்ல இருக்கறவங்களுக்காக ஒரு வார்த்தை. வாச்சி கோடாலி இல்லை. மண்வெட்டி மாதிரி, பிடிக்குக் குறுக்கே அலகு இருக்கும். நம்மை நோக்கிக் கொத்திக் கொத்தி மரத்தைச் செதுக்கறதுக்கு. கை தப்பினா கால்தான்.

சாக்குல கிடந்தா துரு ஏறிரும். போன காத்துக்கு விழுந்த வேப்பமரத்துல அறுத்த பலகை கொட்டாயில கிடந்தது. பெட்டி செய்யலாம்னு உட்கார்ந்தப்போ, முன்னாடி படிச்ச ஒரு பெட்டி ஞாபகம் வந்தது.

ஸ்வீடனைச் சேர்ந்த கோட்லாந்து தீவுல மேஸ்டர்மியூர்னு ஒரு சதுப்பு நிலம். ஒரு காலத்துல ஏரியா இருந்த இடம். தண்ணியை வடிச்சு விளைநிலம் ஆக்கினாங்க. 1936-ல அங்கே ஒரு விவசாயி உழுதுட்டு இருந்தப்போ கலப்பை எதுலயோ மாட்டிச்சு. நமக்கெல்லாம் மாட்டினா வேரோ கல்லோதான். அவருக்கு மாட்டினது ஓக் மரப்பெட்டி. சுத்தி இரும்புச் சங்கிலி. பெட்டியிலயும் அக்கம்பக்கத்துலயும் சேர்த்து 200-க்கு மேல சாமான்.

அது வைக்கிங் காலத்துப் பெட்டி, சுமார் கி.பி. 1000. தஞ்சாவூர்ல பெரிய கோயில் எழும்பின காலத்தை ஒட்டி வச்சுக்கலாம். காத்துப் படாத ஈரச் சேறு ஆயிரம் வருஷம் மரத்தைக்கூட உளுத்துப்போக விடலை. இப்போ ஸ்டாக்ஹோம்ல இருக்கற வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு.

உள்ளே இருந்ததைப் படிச்சா எங்க ஆசாரி பட்டறைக்குள்ள நுழைஞ்ச மாதிரிதான். கோடாலி, வாச்சி, ரம்பம், மரம் துளைக்கற துரப்பணம், அரம். கூடவே சுத்தியல், கொறடு, பட்டடைக்கல்லுன்னு கொல்லன் சாமானும். மரவேலை, இரும்புவேலை ரெண்டும் ஒரே பெட்டியில. ஊர் ஊராப் போய் வேலை செஞ்ச ஆளா இருக்கணும்னு ஆராய்ச்சிக்காரங்க நினைக்கிறாங்க. படகுலயோ, பனி உறைஞ்ச ஏரி மேல சறுக்கு வண்டியிலயோ போறப்போ பெட்டி தவறி விழுந்திருக்கலாம்கறது ஒரு யூகம். மீனு கிடைக்காத வலைக்காரன் வீட்டுக்குத் திரும்பிரலாம்; கருவி மொத்தமும் தண்ணிக்குள்ள போன தச்சன் அடுத்த நாள் எதைக் கொண்டு வேலைக்குப் போவான்?

பெட்டிக்குள்ள பூட்டும் சாவியும்கூட இருந்தது. பூட்டு செய்யத் தெரிஞ்ச ஆளு போல. தன் பெட்டிக்கும் பூட்டு வச்சு, அதுக்கு மேல சங்கிலியும் சுத்தி வச்சிருக்கான். அந்தக் காலத்துல இரும்பு அவ்வளவு விலை. நம்ம ஊர்ல இப்போ அதே இரும்பைக் கிலோ கணக்குல தராசுல போடறோம்.

1983-ல ஆர்விட்சன், பெர்க்னு ரெண்டு பேர் இந்தப் பெட்டியைப் பத்தி ஒரு புஸ்தகமே போட்டாங்க. அதுக்கப்புறம் உலகம் பூரா மரவேலைக்காரங்க இதைப் பார்த்துப் பெட்டி செய்றாங்க. நானும் ஒருத்தன்.

நிஜப்பெட்டி கிட்டத்தட்ட மூணு அடி நீளம், ஒரு அடிக்கும் குறைவான அகலம். ரெண்டு முனைப் பலகையும் கீழே அகலமா, மேலே குறுகலா இருக்கும். அடிப்பலகையோட நாக்கை முனைப்பலகைத் துளையில கோத்து, பக்கப்பலகையை மர ஆணி அடிச்சு இறுக்கிருக்காங்க. மூடி மேல்பக்கம் லேசா வளைவு. என் வாச்சிக்கு ரெண்டடி போதும்.

சொல்ல லேசா இருக்கு. துளையை ஒரு நூல் பெருசா வெட்டிட்டேன், நாக்கு ஆடுச்சு. ஒரு பலகை வீண். ரெண்டாவது பலகையில துளையைச் சின்னதா வெட்டி, நாக்கைக் கொஞ்சம் கொஞ்சமா சீவிச் சீவி நுழைச்சேன். பக்கம் சாய்ஞ்சு நிக்கறதால மட்டம் பார்த்து வெட்டினா இடைவெளி விழுது, சாய்வுலயே அறுக்கணும். இரும்பு ஆணி ஒண்ணுகூட அடிக்கலை, மூங்கில் ஆணிதான். வாச்சிக்குத் தேங்காயெண்ணெய் தடவி உள்ளே படுக்க வச்சாச்சு. மூடி இன்னும் பாக்கி.

நேத்து ஆசாரி மகன் அந்தப் பக்கம் வந்தான். மில்லு வேலைக்குப் போறவன். கருவி தொட்டு ஏழெட்டு வருஷம் இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தான், ஆணியை ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்த்தான்.

"இது ரெண்டும் நிக்காதுங்கண்ணா. மூங்கிலைப் பச்சையாவே சீவிட்டீங்க, காஞ்சா சுருங்கிரும்."

காஞ்ச மூங்கில் துண்டு ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். பெட்டிக்குள்ள இருந்த வாச்சியை எடுத்து, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, விரல் தடிமன்ல ரெண்டு ஆணி சீவினான். அப்புறம் மூடிக்கு வச்சிருந்த பலகையைக் காட்டி, "இதை நான் செதுக்கட்டுங்களா?"ன்னான்.

ஞாயித்துக்கிழமை வர்றதாச் சொல்லியிருக்கான்.