பார்க் ஸ்டேஷனில் பார்க் எங்கே?

சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற ரயில் நிலையத்தின் பெயர் பார்க். பக்கத்தில் பறக்கும் ரயில் நிலையம், அது பார்க் டவுன். இரண்டிலும் இறங்கித் தேடுங்கள், பார்க் கண்ணில் படாது. காட்டுப்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் போகும்போதெல்லாம் இது எனக்கு உறுத்தும். அதனால் ஒரே வருஷத்தில் கத்திரி வெயில், ஐப்பசி மழை, மார்கழி என்று மூன்று முறை போய் அந்த இடத்தைச் சுற்றி நடந்தேன்.

அங்கே இருந்தது பீப்பிள்ஸ் பார்க். 1859-இல் மெட்ராஸ் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் போட்ட திட்டம். நெருக்கியடித்து வாழ்ந்த கறுப்பர் நகரத்து ஜனங்களுக்குக் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். 116 ஏக்கர். ஆனால் பார்க் முழுசாவதற்குள், 1860-லேயே, அவரை லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. புது வருமான வரியை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதியதுதான் குற்றம்!

மே மாதம் போனபோது மிச்சமிருக்கும் துண்டைத்தான் முதலில் தேடினேன். நேரு ஸ்டேடியம் பக்கம் மை லேடீஸ் பூங்கா. மதியம் இரண்டு மணிக்கு நிழல் இருந்த இடமெல்லாம் ஆட்கள் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிரெவெல்யன் கணக்குப் போட்டது இதற்குத்தானே?

இந்தப் பார்க்கில்தான் ஒரு காலத்தில் மிருகக்காட்சிசாலை. எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் எழும்பூர் மியூசியத்தில் தொடங்கியது, பிறகு இங்கே வந்தது. ஊர் மக்கள் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் இதை 'உயிர் காலேஜ்' என்றும் சொன்னார்கள். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஐப்பசியில் நல்ல மழை. அல்லிக்குளம் வணிக வளாகத்தின் ஓரமாக ஒதுங்கி நின்றேன். பெயரைக் கவனியுங்கள். பார்க்கில் குளங்கள் இருந்தன. அல்லிக்குளம் அதில் ஒன்று. அதைத் தூர்த்துக் கட்டிய கடைகள் இவை, மூர் மார்க்கெட் வியாபாரிகளுக்காக. மூர் மார்க்கெட்டும் பார்க் நிலத்தில் எழுந்ததுதான், 1900-இல் திறந்தது. 1985 மே மாதம் எரிந்துபோனது. அதே வருஷம் உயிர் காலேஜும் வண்டலூருக்குப் போயிற்று.

பார்க்கை யாரும் திருடவில்லை என்பதுதான் இதில் சங்கடம். விக்டோரியா பப்ளிக் ஹால், 1913-இல் ரிப்பன் மாளிகை, மார்க்கெட், ஸ்டேடியம், ரயில்வே... எல்லாமே பொதுக்காரியம். ஒவ்வொருத்தரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டார்கள். மறுக்கத்தான் ஆள் இல்லை. காலி இடம்தானே, மரம்தானே என்று நினைத்திருப்பார்கள்.

மார்கழியில் போனதற்குக் காரணம் வேறு. அந்தக் காலத்தில் டிசம்பர் கடைசியில் இங்கே பார்க் ஃபேர் நடக்கும், ஊரே கூடும். 1886 டிசம்பர் 31 அன்று பந்தல்களில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாக, புது வருஷத்துக்கு முந்தின நாள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அதே டிசம்பர் 31 சாயங்காலம் பார்த்துத்தான் நானும் போனேன். பெரியமேட்டிலிருந்து ரிப்பன் மாளிகை வரை நடந்தேன். இதமான குளிர். ரிப்பன் மாளிகையில் விளக்குப் போட்டிருந்தார்கள், வெளியே நின்று நாலைந்து பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த நாளில் இங்கே என்ன நடந்தது என்று ஒருத்தரிடமாவது சொல்லலாமா என்று யோசித்தேன். சந்தோஷமாக இருந்தார்கள், சொல்லவில்லை.

திரும்பும்போது ஆவடி வரைக்கும் லோக்கல் பிடித்தேன். அந்த வண்டிகள் கிளம்பும் இடத்துக்கு இன்னமும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்றுதான் பெயர். வாசலில் பழைய மார்க்கெட்டின் சின்ன மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். பார்க்குக்கு அது கூட இல்லை.