சிறுநீரகச் சமன்பாட்டில் புகுந்த நிறம்

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நேரடியாக அளப்பது அரிது. குருதியிலுள்ள கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றைச் சமன்பாட்டில் இட்டு, நிமிடத்திற்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டப்படுகிறது என மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர். அமெரிக்காவில் 1999இல் வந்த சமன்பாட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது: நோயாளி கறுப்பினத்தவரா? ஆம் எனில் விடை 1.18ஆல் பெருக்கப்பட்டது, 2009ஆம் ஆண்டின் சமன்பாட்டில் 1.159ஆல். ஆய்வுக்கு உட்பட்ட கறுப்பினத்தவரிடம் கிரியேட்டினின் சற்று மிகுந்திருந்தது; அவர்களுக்குத் தசை அதிகம் என்ற ஊகமே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. யார் கறுப்பினத்தவர் என்பதைத் தீர்மானிக்க எந்தப் பரிசோதனையும் இல்லை. பதிவேட்டில் எழுதியிருந்ததே போதுமானதாயிற்று.

விளைவு எளிய கணக்கு. 60க்குக் கீழான மதிப்பு மூன்று மாதங்களுக்குமேல் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். ஒரே குருதி முடிவு வெள்ளையருக்கு 55 என்றால் கறுப்பினத்தவருக்கு 64, அதாவது நோயில்லை. மாற்றுச் சிறுநீரகத்திற்கான காத்திருப்புக் காலம் 20ஐத் தொட்டால்தான் தொடங்கும்; 18இல் இருந்த கறுப்பினத்தவர் காகிதத்தில் 20.9இல் நின்றார்.

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருக்கு இது மேலும் கொடியது. சிகிச்சை பெறாத நிலையில் இக்கிருமி சிறுநீரக வடிகட்டிகளையே சிதைக்கக்கூடும். 1984இல் நியூயார்க், மயாமி மருத்துவர்கள் விவரித்த இந்நோய்க்கு ஆளானோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மருந்தும் ஒரு காரணியாகலாம்: நம் ஏ.ஆர்.டி. மையங்களின் முதல்நிலைக் கூட்டுமாத்திரையிலும் உள்ள டெனோபோவிர் சிலருக்குச் சிறுநீரக நுண்குழல்களைப் பாதிக்கும். (அதே மாத்திரையிலுள்ள டோலுடெகிராவிர், பாதிப்பு ஏதுமின்றியே கிரியேட்டினினைச் சற்று உயர்த்திக் காட்டும், ஒற்றை எண்ணைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.)

அப்படியானால் இந்நோய்க்கு இனம்தான் காரணமா? 2010இல் ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணு விடை தந்தது. ஆப்பிரிக்கத் தூக்கநோயிலிருந்து காக்கும் அதன் திரிபுகள் மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலானவை. தாய், தந்தை இருவழியிலும் அவற்றைப் பெற்றவருக்கே பேராபத்து. எத்தியோப்பியரும் கறுப்பினத்தவரே. ஆயினும் ஆய்வுக்கு உட்பட்ட எத்தியோப்பியரிடம் அத்திரிபுகளும் இல்லை, எச்.ஐ.வி.யால் வரும் அச்சிறுநீரக நோயும் இல்லை.

கறுப்பின மருத்துவ மாணவர்களும் மருத்துவர்களும் கொடுத்த நெருக்கடிக்குப் பின், 2021இல் இனக்காரணி நீக்கப்பட்ட புதிய சமன்பாடு வந்தது. இழந்த காத்திருப்பு நாட்களைக் கறுப்பின நோயாளிகளின் கணக்கில் திரும்பச் சேர்க்குமாறு சிறுநீரக மாற்று மருத்துவமனைகளுக்கு விதிக்கப்பட்டது 2023 ஜனவரியில்தான்.