பாதி அடிமையின் திருமணம்: மிஷ்னாவின் ஒரு தீர்ப்பும் சப்ரகமுவத் தோட்டங்களும்

யூதப் படைப்புப் போதனையில் திருமணத்தின் புனிதம் மகப்பேற்றில் வேரூன்றியது என்பது நெடுநாளாக நிலவும் வாசிப்பு. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் பகுதியே அதைக் குலைக்கிறது என்று கருதுகிறேன். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் கித்தின் பகுதியில் (4:5) பாதி அடிமையும் பாதி சுதந்திரனுமான ஒருவனின் வழக்கு வருகிறது. ஒருநாள் எசமானுக்கும் மறுநாள் தனக்கும் உழைக்கட்டும் என்றது ஹில்லேல் பள்ளி. எசமானின் காரியத்தை நேர்செய்தீர்கள், அவனுடையதை அல்ல என்று மறுத்தது ஷம்மாய் பள்ளி. அடிமைப் பெண்ணை மணக்க அவனுடைய சுதந்திரப் பாதி தடை. சுதந்திரப் பெண்ணை மணக்க அடிமைப் பாதி தடை. உலகம் வெறுமையாகக் கிடப்பதற்குப் படைக்கப்படவில்லை என்ற ஏசாயாவின் (45:18) கருத்தைச் சுட்டி, அவனை விடுவிக்கும்படி எசமானைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்றது ஷம்மாய் பள்ளி. ஹில்லேல் பள்ளியும் தன் நிலையைக் கைவிட்டு அதை ஏற்றது.

ஏசாயாவை மட்டும் பார்த்தால் இது மக்கட்பெருக்கம் பற்றிய வாதமாகவே தோன்றும். ஆனால் பிள்ளைகளே குறிக்கோள் என்றால், தடையைச் சற்றுத் தளர்த்தி அடிமைப் பெண்ணோடு வாழ விட்டிருக்கலாம். பிள்ளைகள் பிறந்திருப்பார்கள், எசமானுக்கும் நட்டமில்லை. இரு பள்ளிகளும் அந்த வழியைத் தொடவில்லை. மணச்சட்டம் அப்படியே நிற்க, உடைமையுரிமைதான் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. முழு அடிமைக்கு இந்தத் தர்க்கம் ஏன் நீளவில்லை என்று இடைக்கால உரையாசிரியர்களே விவாதித்திருக்கிறார்கள். அது தீர்ப்பின் எல்லை. தீர்ப்பின் காரணத்தை அது மாற்றிவிடாது.

மகப்பேற்று வாசிப்பின் போதாமை இலங்கையின் சப்ரகமுவத் தோட்டங்களில் வைத்துப் பார்த்தால் துலங்கும். யட்டியாந்தோட்டை, தெரணியகல, இறக்குவானைப் பக்கத் தேயிலை, இறப்பர் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் சட்டப்படி அடிமைகள் அல்லர். ஒப்பீட்டை அதற்கு மேல் இழுக்கக் கூடாது. ஆனால் தோட்டம் திருமணத்துக்குப் பகையாக இருந்ததில்லை. குடும்பமாகக் குடியிருத்திய உழைப்பே அதன் ஆதாரம். லயக்காம்பரா என்ற தோட்டக் குடியிருப்பு அறையில் பிறந்த பிள்ளை நாளைய செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், ஒரு பேர். மனைவியின் சம்பளத்தைக் கணவன் வாங்குவது பரவலான வழக்கமாக இருந்தது. பெண்ணுக்குக் குறைந்த நாட்சம்பளம் 1984 வரை நீடித்தது. குடியுரிமைக்கான 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் மணமானவரிடம் 7 ஆண்டு வதிவும் மணமாகாதவரிடம் 10 ஆண்டு வதிவும் கேட்டது. அரசின் ஏட்டில் திருமணத்தின் பெறுமதி 3 ஆண்டுத் தள்ளுபடி! புனிதம் என்பது பிள்ளைப்பேறுதான் என்றால் இவற்றில் எதையும் குறைசொல்ல வழியில்லை. யாருடைய காரியம் நேராயிற்று என்ற ஷம்மாய் பள்ளியின் கேள்விக்கோ இங்கே நிறைய வேலை இருக்கிறது.

வலுவான எதிர்வாதம் ஒன்றுண்டு. விடுதலை பெற்றவன் தன் விலையில் பாதிக்குக் கடன்பத்திரம் எழுதித் தர வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. உடைமை கடனாக உருமாறியதே தவிர ஒழியவில்லையே என்று, தோட்டத்துக்கு ஆள்சேர்த்த கங்காணியிடம் தொழிலாளர் பட்ட கடனை அறிந்தவர் எவரும் கேட்பார். ஆனால் 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில் கடன் ஆளைப் பிடித்துவைத்தது; அடுத்த தோட்டம் கடனைத் தீர்த்தே ஆளை எடுத்தது. மிஷ்னாவின் பத்திரம் பணத்தை மட்டுமே கேட்கிறது. கடன் தீருமுன்பே அவன் மணக்கலாம்.