கங்கையில் முங்கிய இன்ஜினியர்

ஒரு ஆறு புனிதமானதுன்னு கோடிக்கணக்கான பேர் நம்புறாங்க. அப்படின்னா அந்த ஆறு பத்திரமா இருக்கணும்தானே? காசியில் அப்படி நடக்கலை. ஏன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

நம்ம கதையின் நாயகர் வீர் பத்ர மிஸ்ரா. காசியின் சங்கட மோச்சன் அனுமார் கோயிலுக்கு அவர் மஹந்த், அதாவது தலைமைப் பொறுப்பாளர். அதே மனுஷர்தான் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் ஹைட்ராலிக்ஸ் சொல்லிக்கொடுத்த சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். காலையில் துளசி காட் படித்துறையில் கங்கை ஸ்நானம், அப்புறம் காலேஜ்.

1982-ல் ஆற்றைக் காப்பாத்த ஒரு அறக்கட்டளை தொடங்கினார். தண்ணீரைச் சோதிக்க பின்னாடி ஒரு ஆய்வகமும் வந்தது. முக்கியமா அவங்க அளந்தது, மனிதக் கழிவிலிருந்து வரும் கோலிஃபார்ம் பாக்டீரியாவை. குளிக்கிற தண்ணீரில் 100 மில்லிக்கு 500-க்குள் இருக்கணும்ங்கிறது நம்ம நாட்டு அளவுகோல். சாக்கடை கலக்கும் இடங்களில் அது பல ஆயிரங்களைத் தாண்டியது.

இங்கதான் சிக்கல். நம்ம பாவத்தையே கழுவுற தாயை ஒரு சாக்கடை என்ன பண்ணிடும்னு நினைக்கிற பக்தருக்கு, புனிதம் வேற, சுத்தம் வேற. அழுக்கு கண்ணெதிரே மிதந்தாலும் புனிதம் குறையாது. அதனால அழுக்கைப் பத்திக் கவலைப்படவும் தோணாது. ஆற்றைக் காக்க வேண்டிய நம்பிக்கையே கண்ணை மூடிக்க ஒரு காரணமாயிடுச்சு.

மிஸ்ரா அந்த நம்பிக்கையோட சண்டை போடலை. கங்கை மாசுபட்டுடுச்சுன்னு சொன்னா பக்தருக்குக் கோபம் வரும். நம்ம அம்மா மேல சாக்கடையை ஊத்துறாங்கன்னு சொன்னா எழுந்து நிப்பார். இதுதான் அவர் கணக்கு.

1986-ல் ராஜீவ் காந்தி அரசு கங்கை செயல் திட்டத்தைத் தொடங்கியது. கழிவுநீரை பம்ப் வைத்து ஏற்றி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பணும். காசியில் கரண்ட் போனா? பம்ப் நிக்கும், சாக்கடை நேரா ஆத்துக்குப் போகும். மிஸ்ரா வேற டிசைன் சொன்னார்: கரையோரமா குழாய், சரிவிலேயே ஓடும் கழிவுநீர், வெயிலும் பாசியும் சுத்தம் செய்யும் குளங்கள். அதை ஏத்துக்க வைக்க வருஷக்கணக்கில் போராடினார். 2013-ல் காலமானார்.

இன்னொரு இன்ஜினியர் இதைவிடக் கடுமையான வழியில் போனார். ஐஐடி கான்பூரில் பேராசிரியரா இருந்த ஜி.டி. அகர்வால், 2011-ல் சந்நியாசி ஆனார். கங்கை தடையில்லாம ஓடணும், மேல்பகுதியில் அணைகள் வேண்டாம்னு 2018-ல் உண்ணாவிரதம் இருந்தார். 111 நாள். 86 வயசில் உயிர் போயிடுச்சு.

என்னை ரொம்ப யோசிக்க வைக்கிறது மிஸ்ராவோட காலை ஸ்நானம்தான். அந்தத் தண்ணீரில் என்ன இருக்குன்னு அவருக்கு எண்ணோட தெரியும். தெரிஞ்சே முங்கினார். எழுந்து வந்து, அந்த எண்ணைக் குறைக்க அன்னைக்கு என்ன செய்யலாம்னு பார்த்தார். நம்மில் பலர் முங்குறதோட நிறுத்திக்கிறோம். மீதிப் பேர் எண்ணை ஷேர் பண்றதோட நிறுத்திக்கிறோம்.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு ஆத்தங்கரை போனீங்கன்னா, பூவைத் தண்ணியில விடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: நம்ம ஊர்ச் சாக்கடை இந்த ஆத்துல எங்க கலக்குது? பதிலைக் கமெண்ட்டில் எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்!