வியாகுலம்: ஓசையில் பிறந்த துயரம்

மகனை இழந்த தாயின் துக்கத்துக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்திருக்கும் சொல் 'வியாகுலம்'.

வடமொழியில் 'வியாகுல' என்றால் கலங்கிய, குழம்பிய என்று பொருள். அதன் உள்ளே இருக்கும் 'ஆகுலம்' தமிழுக்குப் பழையது. 34-ஆம் குறளில் வரும் அச்சொல்லுக்கு உரையாசிரியர் பரிமேலழகர் கண்ட பொருள் ஆரவாரம். வெளியே எழும் இரைச்சலைக் குறித்த சொல், மனத்துக்குள் எழும் கலக்கத்துக்கும் ஆகி, பிறகு துயரத்தில் வந்து நின்றது.

இலத்தீனில் 'மாத்தெர் தொலொரோசா' எனப்படும் மரியாள் தமிழில் வியாகுல மாதா ஆனாள். 'தொலோர்' வலியைக் குறிப்பது. தமிழ்ச்சபையோ வலியையோ நோவையோ எடுக்காமல் கலக்கத்தை எடுத்தது. தஞ்சாவூரில் வியாகுல மாதா பெயரிலேயே கோவில் இருக்கிறது.

இச்சொல்லைப் பாட்டாக்கியதில் பெரும்பங்கு கோவாவில் 1676-இல் பிறந்த கத்தோலிக்கக் குரு ஜாக்கொமே கொன்சால்வெசுக்கு உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையை ஒடுக்கிய காலத்தில், 1705-இல் இலங்கை வந்தார். 1742-இல் அங்கேயே மறைந்தார். தமிழர் அவரைச் சாங்கோபாங்க சுவாமி என்றனர். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய அவருடைய சிங்கள நூலின் பெயர் 'துக்பிராப்தி பிரசங்கய'. தமிழில் வழங்குவது 'வியாகுலப் பிரசங்கம்'. சிங்களப் பெயரில் துக்கம். தமிழ்ப் பெயரில் கலக்கம். பிரசங்கம் என்று பெயர் இருந்தாலும் உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தபசு காலத்தில் அதை இராகமிட்டுத்தான் வாசிப்பார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அந்தக் குரல் ஒப்பாரிக்கு அக்கம்பக்கத்தில் நிற்பது.

தொலைதூர லிதுவேனியாவிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. அங்கே தபசு காலத்தில் பாடப்படும் 'கிராவுதூஸ் வெர்க்ஸ்மாய்' என்ற பெயருக்கு 'உருக்கும் அழுகைகள்' என்று பொருள். 1707-இல் வார்சாவில் தோன்றிய போலந்துப் புலம்பல் வழிபாடே அதன் மூலம். அங்கும் பெயருக்குள் அழுகுரல் கேட்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாட்டுத் தமிழ் மாறியது. வியாகுல மாதாவின் செப்டம்பர் 15 திருநாள் இன்று நாள்காட்டியில் 'துயருறு மரியா' என்று அச்சாகிறது. தெளிந்த, நல்ல தமிழ். ஆனால் ஆகுலத்தின் இரைச்சல் அதில் இல்லை. இராகம் இழுத்து வாசிக்கும் மூத்தோர் வாயில்தான் வியாகுல மாதா இன்னும் அழுகிறாள்.