நிப்பா மூளைக்காய்ச்சலும் ஆய்வுக்கூட விலங்குகளும்: ஒரு வரலாற்று நோக்கு

சுங்கை சிப்புட் என்றவுடன் 1948 ஜூன் 16இல் நிகழ்ந்த தோட்ட நிர்வாகிகள் கொலையும் துன் சம்பந்தனாரின் பெயருமே வரலாற்று மாணவர் நினைவில் எழும். அவ்வூருக்குத் தெற்கே, ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா மாவட்டப் பன்றிப் பண்ணைகளில் 1998 செப்டம்பர் இறுதியில் தோன்றிய மூளைக்காய்ச்சலோ நம் ஆய்வெல்லைக்குள் அரிதாகவே வந்துள்ளது. அக்குறையைச் சிறிது நிறைவு செய்வதே நம் நோக்கம்.

நோய் முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனவே கொள்ளப்பட்டது. அதன் நச்சுயிரி பன்றியில் பெருகிக் கொசுவால் பரவுவது. நோயாளர் சிலரின் குருதியில் அதற்குரிய எதிர்ப்பொருளும் காணப்பட்டது. எனவே கொசுமருந்து தெளிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. அக்காலத்தில் உலகெங்கும் பரவலாக வழங்கிய அத்தடுப்பூசி, நோயேற்றிய சுண்டெலியின் மூளையிலிருந்து உருவாக்கப்பட்டதாகும். ஆயினும், தடுப்பூசி போட்டவர்களும் நோயுற்றனர். குழந்தைகளைவிடப் பன்றிகளோடு நெருங்கிப் பழகிய வளர்ந்த ஆடவரே மிகுதியாகத் தாக்குண்டனர். பன்றிகளும் இருமி மடிந்தன.

பன்றிகளின் இடப்பெயர்வால் நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா பகுதி நோயாளர் ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதிய நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

அடுத்து, இந்நோயை எவ்விலங்கில் ஆராய்வது என்னும் வினா எழுந்தது. இயல்பான சுண்டெலி, வழக்கமான வழிகளில் இந்நச்சுயிரியைச் செலுத்தினால் நோயுறுவதில்லை. 2003இல் வோங் கும் தோங்கும் பிறரும் தங்கநிற ஹாம்ஸ்டர் எலியே ஏற்றதெனக் காட்டினர். மனித உடற்கூற்றாய்வில் கண்டவாறே அதனிடத்தும் குருதிநாளங்கள் அழற்சியுற்றன. மூளை நரம்பணுக்களும் தாக்குண்டன. 2004இல் தடுப்பு மருந்துகளும் அவ்விலங்கில் சோதிக்கப்பட்டன. பின்னர் ஃபெரட்டு, ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஆகியனவும் பயன்பட்டன. 2018இல் கோழிக்கோட்டில் இந்நோய் பரவியபோது ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட எதிர்ப்பொருள் மருந்து, அவ்விரு விலங்குகளிலும் முன்பே சோதிக்கப்பட்டதாகும்.

எனினும், எந்த விலங்கும் மனிதனுக்கு முழு நிகராகாது. பிழைத்தவருள் சிலர் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் மூளையழற்சிக்கு ஆளாயினர். சில நாள்களில் மடிந்துவிடும் ஹாம்ஸ்டர் அதனை எவ்வாறு உணர்த்தும்? அதற்குப் பிழைத்தோர் வாழ்வே சான்று.

இங்கு நம் துறைக்கும் ஒரு கடமையுண்டு. கொசுவன்று, பன்றியே காரணம் என்பதற்கான தடயம் ஆய்வுக்கூடத்திற்கு முன்பே பண்ணைகளில் வெளிப்பட்டிருந்தது. அதனைக் கண்ணாரக் கண்டோர் பண்ணையாளரும் தொழிலாளருமே. மருத்துவ ஏடுகளில் அவர்கள் எண்களாகவே நிற்கின்றனர். தோட்ட வரலாற்றை வாய்மொழியாகத் தொகுத்துவரும் நாம், அவர்தம் நினைவுகளையும் காலம் கடவாமுன் பதிவு செய்தல் வேண்டும்.